பாதியில் நிறுத்திய மேளம்

தம்பி,

இதைக் குரல் செய்தியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அனுப்பும் குரல் செய்தியை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறாய் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நானும் என் குரலை அப்படி ஓட்டிப் பார்த்தேன். "சாப்பிட்டியா" என்று அன்பாகக் கேட்டதுகூடச் சண்டைக்கு வருவது போல இருந்தது. எழுத்தை அப்படி ஓட்ட முடியாது, மெதுவாகத்தான் படிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ் என்னுடையது. பேனாவைப் பிடித்தால் வாய்ப்பேச்சு போய் அந்தப் பள்ளிக்கூடத் தமிழ்தான் வருகிறது. சிரிக்காமல் படி.

போன வாரம் நீ கோலாலம்பூரிலிருந்து போன் செய்து சொன்னதற்கு நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். நீ சுற்றி வளைத்துத்தான் வந்தாய். பூ யார் எடுத்து வருகிறார்கள், மண்டபத்தில் கார் எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாய். "மா, மாப்பிள்ளை அழைப்பு நேரத்துல நீங்க வெளிய நிக்க வேணாம். மொதல்லயே ஹாலுக்குள்ள போயி உக்காந்துக்குங்க. உள்ள ஏர்கோன் இருக்கு. மேளம் முடிஞ்சோன நான் உள்ள வாரேன்லா." உன்னை உறுமி மேளத்தோடுதான் மண்டபத்துக்குள் அழைத்துப் போவோம் என்று உன் கூட்டாளிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நீயும் அவர்களோடு உறுமியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்தவன். வேண்டாம் என்று அவர்களிடம் உன்னால் சொல்ல முடியவில்லை. அதனால் மேளத்தை நிறுத்தாமல் அம்மாவை உள்ளே உட்கார வைக்கிறாய். பெற்ற மகன் மாலையும் கழுத்துமாக நடந்து வரும்போது பக்கத்தில் நடக்க வேண்டியவள் குளிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்கத்தான் அந்த "ம்".

எதற்காக அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பீடோரிலிருந்து திரும்பிய அன்று காரில் நடந்தது உன் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. உனக்கும் மீனாவுக்கும் தாம்பூலம் மாற்றி, அவள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஈப்போவில் மண்டபம் பார்க்கப் புறப்பட்டோம். நீ ஓட்டினாய், நான் உன் பக்கத்தில். மீனாவும் அவள் அம்மாவும் பின்னால். உன் அப்பா சித்தப்பா காரில் வந்தார். தாப்பாவைத் தாண்டும்வரை உன் போனிலிருந்து மெல்லிய பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். மீனா உன் பின்னந்தலையைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன், உனக்குச் சொல்லவில்லை. எல்லாருக்கும் வயிறும் மனதும் நிறைந்திருந்த நேரம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக வந்தது. சுங்கை சிப்புட் கோயில் திருவிழாவில் நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தாயே, அந்த உறுமி.

உறுமி கேட்டால் எனக்கு முதலில் உள்ளங்காலில்தான் வரும். அன்றும் அங்கேதான் தொடங்கியது. பிறகு முழங்கால் நடுங்கியது, பல் கிட்டியது. சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. கொண்டை அவிழ்ந்ததும், முன்னால் இருந்த பலகையில் ஓங்கி ஓங்கி அடித்ததும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். நீ காரை ஓரம் கட்டி, போனைப் பிடுங்கிப் பாட்டை அணைத்தாய். நான் நினைவுக்குத் திரும்பி வந்தபோது முதலில் கேட்டது உன் குரல். "என்னம்மா இது, இங்கயுமா?" மீனா தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஈப்போ வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தியம்மா ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். உன் காது இரண்டும் சிவந்திருந்தன. அவர்கள் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை கண்ணி என்று தலையெடுத்த குடும்பம், நாம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பது உனக்கு முன்பும் தெரியும். ஆனால் அன்றுதான் அது உன் காதில் ஏறியது என்று நினைக்கிறேன்.

அது சாமியா, நரம்பா என்று நீ கல்லூரியில் படித்தபோது ஒருமுறை என்னிடம் கேட்டாய். அப்போதும் தெரியாது என்றேன், இப்போதும் அதே பதில்தான். பாட்டும் மேளமும் மனுசரை ஆட்டிவைக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் கோயிலில் தெரிந்துகொண்டதைவிட, நான் துணி தேய்க்கிற குனோங் ராபாட் டோபிக் கடையில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். எங்கள் சீன முதலாளியம்மா கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பாட்டைப் போடுவார். எல்லாம் கேண்டனீஸ் பாட்டு, ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. என் கைக்கு மட்டும் புரியும். துள்ளலான பாட்டு ஓடினால் காற்சட்டைகள் மளமளவென்று முடியும், மடிப்பும் கத்தி போல நிற்கும். அவருக்கு மனது சரியில்லாத நாளில் ஓர் ஆண் பாடும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போடுவார். அந்த ஆள் ஒவ்வொரு வரியிலும் யாரிடமோ கெஞ்சுகிறார். அந்தப் பாட்டு வந்தால் என் கை தளர்ந்துவிடும். தேய்ப்புப்பெட்டி காலரின்மேல் ஒரு மூச்சு அதிகமாக நின்றுவிடும். அப்படி ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டை பழுப்பேறியது. "ஆன்ட்டி, இந்த லாகு வேணாம்லா, சட்ட கருகுது, வேற போடுங்க" என்பேன். "பாஜு ஹங்குஸ், பூக்கான் சாலா லாகு" என்று அவர் மலாயில் திட்டுவார். சட்டை கருகியது பாட்டின் குற்றமில்லையாம். திட்டிக்கொண்டே பாட்டை மாற்றியும் விடுவார்.

ஆனால் துள்ளல் பாட்டு எப்போதும் நல்லது, கெஞ்சுகிற பாட்டு எப்போதும் கெட்டது என்று நினைத்துவிடாதே. காலையில் உன் அப்பாவோடு முட்டிக்கொண்டு கடைக்கு வந்த நாளில் துள்ளல் பாட்டைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் கூடும். அன்றைக்குக் கெஞ்சுகிற ஆளே ஆறுதலாக இருப்பார், பாவம், இவரும் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தோன்றும். கேட்கிறவர் என்ன மனதோடு இருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் பாட்டு வேலை செய்கிறது. உனக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மீனா கண் விழித்ததும் பாட்டு வைக்கிறவள், பல் துலக்கும்போதே பாடுகிறவள் என்று அவள் அம்மா சொன்னார். நீயோ கோப்பி உள்ளே போகும்வரை சத்தம் ஆகாதவன். கல்யாணமான புதிதில் பெரிய பெரிய விஷயத்துக்கெல்லாம் யாரும் சண்டை போட மாட்டார்கள், இந்த மாதிரிச் சில்லறை விஷயத்தில்தான் மூஞ்சி தூக்குவார்கள். பாட்டை நிறுத்து என்று அவளிடம் ஒருநாளும் சொல்லாதே. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல், இல்லாவிட்டால் கோப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போ. அவளும் உன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்வாள்.

உன் அப்பாவைப் பார். மலையில் வெட்டிய கல்லை ஏற்றி இத்தனை வருசமாக லாரி ஓட்டுகிறார், கேபினுக்குள் ஒரு பாட்டு கிடையாது. கல்யாணமான புதிதில் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட்டில் இருந்த என் அப்பா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் எஞ்சின் சத்தம்தான். இந்த மனுசனுக்கு ரசனையே இல்லை, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். "பாட்டு நல்லா இருந்தா கால் கனக்குது. பாரத்தோட எறங்கும்போது அந்தக் காலு பாட்டு சொல்றதத்தான் கேக்குது, என் பேச்ச கேக்க மாட்டேங்குது." அதனால் அவர் கேட்பதில்லை, சீட்டிதான் அடிப்பார். அதுவும் எப்போதும் ஒரே ராகம். லாரியை நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறக்கும்போது அந்தச் சீட்டி வேகமாக வந்தால் வேலையிடத்தில் யாரோடோ வாய்ச்சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் நகர்ந்துவிடுவேன். நீ அப்பாவின் இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்வாய். ஆனால் நெடுஞ்சாலையில் தனியாகப் போகும்போது உறுமியை அலறவிட்டுக்கொண்டு நீ எப்படி ஓட்டுகிறாய் என்று உன் சித்தப்பா பின்னால் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். உறுமி நடந்து வருகிறவர்களுக்கான மேளம், கார் ஓட்டுகிறவர்களுக்கு இல்லை. இந்த ஒன்றிலாவது அப்பா பேச்சைக் கேள், இனிமேல் உன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

இனி நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது உறுமி கற்றுக்கொள்ளப் போனாய். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று பழகுவாய். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவது போல ஓர் உறுமல் வருமே, அது தொடங்கியதும் நான் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். நீ குச்சியைக் கீழே வைக்கும் நேரம் பார்த்துத்தான் திரும்புவேன். அந்த நாட்களில் நம் வீட்டில் வெங்காயம் தீர்ந்ததே இல்லை. "அம்மாவுக்கு நான் வாசிக்கிறது புடிக்கல" என்று நீ அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போது எனக்குக் கால் நடுங்குகிறது, கையில் கத்தியும் பக்கத்தில் கொதிக்கிற எண்ணெயும் இருக்கிறது, அதனால் ஓடுகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே உறுமியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாய். உனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்ததால் பேசாமல் இருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை என்றே நீ இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தாய். பிடிக்காமல் இல்லை தம்பி. அளவுக்கு மீறிப் பிடித்ததால்தான் ஓடினேன்.

ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். சுங்கை சிப்புட் கோயில் திருவிழாவில் நீ உறுமி வாசித்த முதல் வருசம். உன் அப்பா லாரியை எதிர்ப்பக்கம் நிறுத்தி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, ஏர்கோனைப் போட்டு என்னை உள்ளே உட்கார வைத்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் முடிந்தது. மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். நீ அவருக்கு முன்னால் வந்து நின்றாய். அவர் முகத்தை நீ பார்க்கவே இல்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் கால் போகும் வேகத்துக்கு உன் கை போனது. பிறகு உன் கை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, அவர் காலும் உன் கையோடு சேர்ந்து அடங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து, ஒருவர் நெற்றியில் திருநீறு வைத்த பிறகுதான் நீ குச்சியைத் தோலிலிருந்து எடுத்தாய். வேர்த்து ஒழுகிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி யாரிடமோ கை காட்டினாய். நான் லாரிக்குள் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா காரணம் கேட்கவில்லை, சீட்டியும் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போல, "அப்புடி ஒருத்தருக்கு வந்தா டக்குனு மேளத்த நிப்பாட்டக் கூடாதா?" என்று கேட்டேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "டக்குனு நிப்பாட்டுனா அவங்க பாவம்மா. ஒருத்தர மேல ஏத்திட்டு ஏணிய எடுத்த மாதிரி ஆயிரும். தாளத்த கொறச்சி கொறச்சி எறக்கி விட்டுட்டுத்தான் நவுரணும்." எனக்கு அந்த வார்த்தை அப்படியே நினைவில் இருக்கிறது, நீ மறந்திருப்பாய். காரில் நீ அப்படிச் செய்யவில்லை. லைட்டை அணைப்பது போல அணைத்தாய். அதற்குப் பிறகு என் உடம்பை யாரோ பிழிந்து போட்டது போல இருந்தது. தேய்ப்புப்பெட்டியைத் தூக்க முடியாமல் வேலைக்கு லீவு போட்டேன். உன்னிடம் வெயில் காய்ச்சல் என்றேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காரை ஓட்டிக்கொண்டு நீ வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் தெரியாமல் அணைக்கவில்லை நீ. வெட்கம் வந்துவிட்டது, அதனால் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. வெட்கப்பட்டுக்கொண்டு செய்யும் எந்தக் காரியமும் இப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். கல்யாணத்துக்கு உன் கூட்டாளிகள் மேளத்தோடு வருவார்கள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். உன் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். மத்தியானம் முதலாளியம்மா சாப்பிடப் போனதும் என் போனில் உங்கள் உறுமியைச் சத்தம் குறைத்து வைப்பேன். கையில் சூடான தேய்ப்புப்பெட்டி. சுடுகிற பெட்டி கையில் இருந்தால் உடம்பு இஷ்டத்துக்கு ஆடாது என்று ஒரு கணக்கு. முதலில் உறுமல் தொடங்கியதுமே பயந்து அணைத்துவிட்டேன். உன்னைச் சொல்கிறேன், நானே அதைத்தான் செய்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். உறுமி ஓடும்போது அந்தக் கெஞ்சுகிற ஆளின் கேண்டனீஸ் பாட்டை மனதுக்குள் பாட வேண்டும். இது ஒரு வேகம், அது ஒரு வேகம். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் கால் பேசாமல் நின்றுவிடுகிறது. ஒருநாள் முதலாளியம்மா சீக்கிரம் வந்துவிட்டார். கதவருகில் நின்று காது கொடுத்துக் கேட்டார். என்ன பாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், சோப்புத்தூள் அனுப்பாமல் இழுத்தடித்த ஆளுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். சாயங்காலமே சோப்புத்தூள் வந்து இறங்கியது. "இனி லாகு பாகுஸ்" என்று என் முதுகில் தட்டினார். நல்ல பாட்டாம். இப்போதெல்லாம் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைப் போடச் சொல்கிறார்.

நீ போன் செய்து ஏர்கோனில் உட்காரச் சொன்ன மறுநாள், நான் அப்படிப் பழகிக்கொண்டிருந்தபோது கடைக்குச் சம்பந்தியம்மா வந்தார். ஈப்போவில் ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தவர், கல்யாணச் சேலையை என் கையால் தேய்த்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார். வாசலில் அவரைக் கண்டதும் போனை அறைந்து அணைத்தேன். எனக்கும் காது சிவந்திருக்கும், உன் அம்மா அல்லவா. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன் நிப்பாட்டுனீங்க? ஓடட்டும்" என்றார். நான் போடவில்லை. அவர் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். "அன்னிக்குக் கார்ல நான் ஒன்னும் பேசலன்னு நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்களோன்னு எனக்கு ஒரே கவலை. மீனாகிட்டயும் சொன்னேன். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலக்கா. கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு." சின்ன வயதில் பீடோரில் அவர்கள் கடைக்கு முன்னால் காவடி போகும்போது அவருடைய அப்பா ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவாராம். மேளச் சத்தம் தெரு முனையைத் தாண்டும்வரை திறக்க விடமாட்டாராம். "நான் ஜன்னல் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல. பாத்ததும் இல்ல." நான் லாரிக்குள் உட்கார்ந்து உன்னைப் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லா இருக்கு. நான் கேட்டேன், பாக்கல. நீங்க பாத்தீங்க, கேக்கல."

பிறகு போட்டேன். அவருடைய பட்டுச் சேலையைப் புரட்டிப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்துத் தேய்த்தேன். உங்கள் மேளம் முழுசாக ஓடியது. அவர் செருப்புக் கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது, அவருக்கே தெரியவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை, கெஞ்சுகிற ஆள் உள்ளே காவல் இருந்தார். முடிந்ததும் சம்பந்தியம்மா, "அவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன்ல அவ்வளவுதான். நேர்ல பாருங்க" என்றேன். சேலையைப் பையில் வைத்துக் கொடுக்கும்போது அவர் கேட்டார். "வாசல்ல ஆலம் சுத்த நான் நிப்பேன். நீங்க முன்னாடியே உள்ள போயி உக்காந்துருவீங்கன்னு மாப்பிள்ள மீனாகிட்ட சொன்னாராமே. எதுக்குக்கா?" கால் வலி என்று வாய்வரை வந்தது, பொய் சொல்ல மனம் வரவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாருக்கு முன்னால் நீ என்னை மறைக்க நினைத்தாயோ அவரே வந்து கேட்கிறார், தம்பி. அவருக்கு என்ன சொல்ல?

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். நான் உள்ளே போய் உட்காரப் போவதில்லை. உன் வலப்பக்கம் நடப்பேன், உன் அப்பா இடப்பக்கம் நடப்பார். என்னால் சமாளிக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன். கல்யாணத்தில் ஆட்டத் தாளம்தான் அடிப்போம், கோயில் தாளம் அடிக்க மாட்டோம் என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். கூட்டம் சூடேறியதும் கை தானாக எங்கே போகும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவேளை எனக்கு வந்துவிட்டால் நீ என்னைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைக்காதே. மேளத்தை நிறுத்தச் சொல்லி அவர்களுக்குக் கை காட்டாதே. பெண் வீட்டார் முகத்தைத் திரும்பிப் பார்க்காதே. உன் கூட்டாளி கழுத்திலிருந்து உறுமியை வாங்கி உன் கழுத்தில் மாட்டிக்கொள். மாலை இருந்தால் இருக்கட்டும். எனக்கு முன்னால் வந்து நின்று, என் காலைப் பார்த்து, மெதுவாக என்னை இறக்கிவிடு. எத்தனையோ பேருடைய அம்மாவுக்கு நீ செய்ததுதான், புதிதாக எதுவும் கேட்கவில்லை.

வராவிட்டாலும் உறுமியை வாங்கிக் கொஞ்ச நேரம் வாசி. நீ வாசித்த வருசங்களை எல்லாம் நான் வெங்காயக் கடையிலும் லாரிக்குள்ளும் கழித்துவிட்டேன். ஒருதடவையாவது உன் கை தொடங்கியதிலிருந்து அடங்குவதுவரை பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் வெள்ளை ஜிப்பாவைத் தேய்த்து அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். உறுமியின் வார் தோளில் அழுத்தினால் கசங்கிவிடும் என்று அந்த இடத்தில் மட்டும் கஞ்சி கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறேன்.

அம்மா